ரிலீவர் வராத அரண்மனை

சாயங்காலம் நாலரை மணி. சூளகிரி தாண்டி உள்ளே பிரிகிற ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் மாந்தோப்பு... தோப்புக்குள் ஒரு மனுசன் இல்லை, ஒரு மாடு இல்லை. ஒரே ஒரு பைக் மட்டும் போகிறது. டேங்கின் மேல் ஒரு சின்னப் பெண், நடுவில் ஓட்டுகிறவன், பின்னால் அவன் பெண்டாட்டி.

நாலரை மணிக்கு என்ன பேய் என்று சிரிக்காதே, பிரவீனா. ராத்திரியில் மட்டும் வேலைக்கு வர, பேய்க்கு என்ன நம்மைப் போல ஷிப்டா போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்?

இது நம் பேக்கிங் செக்‌ஷன் சுஜாதாவின் அண்ணனுக்கு நடந்தது. அங்கே இங்கே கேட்டதில்லை. அவனே தங்கச்சியிடம் வாய்விட்டுச் சொல்லி அழுதது. இந்த இருட்டில் டிரைவர் பஸ்ஸுக்கு ஸ்டெப்னி மாட்டி முடிக்கிற வரைக்கும் நமக்கும் வேறு வேலை இல்லை. ஜன்னலைச் சாத்துங்கள். செல்போன் வெளிச்சத்தை அணையுங்கள். எஸ்லின், ஒட்டி உட்கார்ந்துகொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கையை மட்டும் இப்படிக் கிள்ளாதே.

அவன் பெயர் மாதேஷ். அலுமினியம் உருக்கி வார்க்கிற கம்பெனியில் ஆபரேட்டர். உலைக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. ஆள் விட்டுவிட்டு நகர்ந்தால் உருகினது உறைந்துபோகும், மிஷின் பாழ். அதனால் அங்கே ஒரு வழக்கம். அடுத்த ஷிப்ட் ஆள், அவன்தான் ரிலீவர், நேரில் வந்து நிற்க வேண்டும். வந்தவன், "நான் பாத்துக்கறேன், நீ போ" என்பான். நின்றவன், "வச்சுக்க" என்பான். இந்த இரண்டு பேச்சும் முடிந்தால்தான் டியூட்டி கைமாறும். ரிலீவர் வரவில்லையா? வரவில்லைதான். வீட்டில் பிள்ளை பிறந்தாலும் சரி, பிணம் விழுந்தாலும் சரி, நின்றவன் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

பிள்ளை பிறந்தாலும் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. சுவாதிக்கு, அதுதான் அவன் பெண்டாட்டி, வலி எடுத்த அன்றைக்கு இவனுக்கு ரிலீவர் வரவில்லை. தொடர்ந்து இரண்டு ஷிப்ட் உலை முன்னால் நின்றான். மகள் முகத்தை மறுநாள்தான் பார்த்தான். அந்த ஆதங்கம் அவனை விட்டுப் போகவே இல்லை. லக்‌ஷிதா என்று பெயர் வைத்தான். கூப்பிடுவது பாப்பா. அப்போது யூ.கே.ஜி. பாப்பா என்றால் அவனுக்கு உயிர். அந்த உயிர்தான் அன்றைக்கு டேங்கின் மேல் உட்கார்ந்து பீப் பீப் என்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

போன இடம் அரமனெ பெட்டா. பெட்டா என்றால் கன்னடத்தில் மலை. மலை உச்சியில் ஒரு பழைய அரண்மனை. எந்த ராஜா என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தெலுங்குப் பாளையக்காரர் என்பார்கள், மைசூர்க்காரர் கட்டியது என்பார்கள். ஒன்று மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். ஏதோ ஒரு நாள் ராஜா, ராணி, பரிவாரம் அத்தனை பேரும் அடுப்பில் இருந்த சோற்றைக்கூட இறக்காமல் மலையை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரவில்லை.

சித்திரை மாசம். கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டது அபூர்வம். "மலைக்குக் கூட்டிட்டுப் போறேன் கூட்டிட்டுப் போறேன்னு எத்தன தடவப்பா பொய் சொல்லுவ?" என்று பாப்பா கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு எந்த அப்பன் சும்மா இருப்பான்?

அடிவாரத்தில் மங்கம்மா என்று ஒருத்தி மோரும் உப்பு மாங்காயும் விற்றுக்கொண்டிருந்தாள். மாங்காய் வாங்கித் தின்றுகொண்டே ஏறினார்கள். கல் படி, உடைந்த படி, படியே இல்லாத பாறை. உச்சிக்குப் போனால் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. அந்தப் பக்கம் ஹைவேயில் லாரிகள் எறும்பு மாதிரி போகின்றன. புதுசாக வந்த சிப்காட் ஷெட்டுகள் வெயிலில் பளபளக்கின்றன. இந்தப் பக்கம் அரண்மனை. கூரை போய்விட்டது, சுவர் நிற்கிறது. சுவரெல்லாம் காதலர்கள் பெயர்.

சுவாதி பாப்பாவை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள். தலையில் அவள் கட்டிவிட்ட கனகாம்பரம், மஞ்சள் கவுன். மாதேஷ் மட்டும் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான்.

பின்பக்கம் ஒரு கதவு இருந்தது.

கவனியுங்கள். கூரையே இல்லாத அரண்மனையில் கதவு மட்டும் இருந்தது. தேக்குக் கதவு. ஒரு செல்லரிப்பு இல்லை. குறுக்கே ஒரு தாழ்க்கட்டை. கதவுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிறான். முட்டி வரைக்கும் வேட்டி, இடுப்பில் சிவப்புத் துணி, தலையில் முண்டாசு. முகம் வறண்டு... உதடெல்லாம் வெடித்து... இவனைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்த சந்தோசத்தைச் சொல்லவே முடியாது என்றான் மாதேஷ்.

"வச்சினாவா?" என்றான் அந்த ஆள். வந்துவிட்டாயா என்று தெலுங்கில் கேட்டான்.

கவர்மென்ட் வைத்த வாட்ச்மேன் என்று மாதேஷ் நினைத்துக்கொண்டான். டூரிஸ்டுக்காக வேஷம் கட்டியிருக்கிறார்கள் போல. "சும்மா பாக்க வந்தோம்ணா" என்றான் தெலுங்கில். நம் பக்கத்துக்காரனுக்குத் தெலுங்கு சொல்லியா தர வேண்டும்?

அந்த ஆள் அழ ஆரம்பித்துவிட்டான். வீட்டில் குழந்தைக்கு அம்மை வார்த்திருக்கிறதாம். ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்களாம். இவன் போகவேண்டுமாம். மாற்றுக்கு வரவேண்டியவன் வரவில்லையாம். "எவரூ ராலேது... எவரூ ராலேது..." யாரும் வரவில்லை, யாரும் வரவில்லை என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதான். அழுகிறான், ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

வேறு ஒருவனாக இருந்தால் பாவம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பான். டீச்சர், பேங்க் மேனேஜர், யாராக இருந்தாலும் நகர்ந்திருப்பான். இவன் நகர்வானா? குழந்தை, ரிலீவர் வரவில்லை... இந்த இரண்டும் ஒன்றாகக் காதில் விழுந்ததும் மாதேஷுக்கு நெஞ்சு பதறிவிட்டது. நல்ல மனசுதான். நல்ல மனசை வைத்துக்கொண்டு இந்த உலகத்தில் என்ன செய்வது, சொல்லுங்கள்.

"மீரு போண்டி அன்னா. நேனு சூஸ்குண்ட்டானு" என்றான். நீங்க போங்கண்ணா, நான் பாத்துக்கறேன். தினமும் சொல்கிற பேச்சு. தானாக வந்துவிட்டது.

அந்த ஆள் ஒரு நொடி இவனை உற்றுப் பார்த்தான். "உஞ்சுக்கோ" என்றான். வச்சுக்கோ.

அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கி ஓடினான்.

அந்தப் பக்கம் சுவாதியிடம் பாப்பா கேட்கிறாள், "அம்மா, அந்தத் தாத்தா ஏன் அழுதுக்கிட்டே ஓடறாரு?" சுவாதி படியைப் பார்த்தாள். ஒருத்தரும் இல்லை. "எந்தத் தாத்தாடி?" என்று கேட்டுவிட்டு மறுபடி போட்டோ எடுக்க ஆரம்பித்தாள்.

மாதேஷ் பத்து நிமிஷம் நின்றான். குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறவன் உடனேயா வருவான்? சரி, சுவாதியிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று காலை எடுத்தான்.

கால் வரவில்லை.

வலி இல்லை, மரத்துப்போகவில்லை. கால் இருக்கிறது, விரலை ஆட்ட முடிகிறது. இடத்தை விட்டு மட்டும் நகர மாட்டேன் என்கிறது. உலை முன்னால் நிற்கும்போது மூத்திரம் முட்டினால்கூடக் கால் நகராது பாருங்கள், அந்தப் பழக்கம். அது மனசுக்குள் இருக்கிற பழக்கம். இது எலும்புக்குள் இறங்கிவிட்டது.

அப்போதுதான் வாடை வந்தது. கதவின் அடி இடுக்கிலிருந்து. தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்புச் சாம்பல் வாடை... அதற்குள்ளே கருகின முடி வாடை. அப்புறம் சத்தம். சர்ர்... நிற்கும். சர்ர்... நிற்கும். கதவின் உள்பக்கம், கீழே, தரையோடு, யாரோ நகத்தால் கீறுகிறார்கள். அவசரம் இல்லை, கோபம் இல்லை. ரொம்ப நாளாகச் செய்கிற வேலை மாதிரி நிதானமாகக் கீறுகிறார்கள். மாதேஷ் குனிந்து பார்த்தான். தாழ்க்கட்டை வெளிப்பக்கம் போட்டிருந்தது.

யாரும் உள்ளே போகாமல் இருக்கத்தான் காவல் என்று நினைத்துக்கொண்டிருந்தான். உள்ளே இருப்பது வெளியே வராமல் இருக்கத்தான் காவல்.

"சுவாதீ..." என்று கத்தினான். அவள் சுவரைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம்தான் வந்தாள். "மாமா... மாமா... எங்க போய்ட்டீங்க?" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அவன் முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டினால் தொடலாம். அவன் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்... பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவள் கண்ணுக்குக் கதவும் தெரியவில்லை, புருசனும் தெரியவில்லை. அங்கே இடிந்து விழுந்த கல்லும் உண்ணிச்செடிப் புதரும்தான் இருக்கிறது அவளுக்கு.

"இங்கதான்டி இருக்கேன்! சுவாதி! இங்க பாருடி!" தொண்டை கிழியக் கத்துகிறான். அவள் செல்லில் அவன் நம்பரைப் போடுகிறாள். அவன் பாக்கெட்டில் ரிங் அடிக்கிறது. எடுத்துப் பேசுகிறான், அவள் காதில் ரிங் மட்டும்தான் போகிறது. பக்கத்தில் நின்றுகொண்டு அவள் செல்லைக் காதில் வைத்து, "எடுக்க மாட்டேங்கறாரே" என்று முணுமுணுக்கிறாள்.

பாப்பா மட்டும் அவனைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, அப்பா இங்கதாம்மா நிக்கறாரு."

"வெளையாடாத பாப்பா. எனக்கே பயமா இருக்குது."

"நெசமாம்மா. இங்க பாரு, அப்பா."

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. சுவாதிக்கு அழுகை முட்டிவிட்டது. எங்காவது வழுக்கி விழுந்துவிட்டானோ, கீழே போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று பாப்பாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். மாதேஷ் பார்த்துக்கொண்டே நிற்கிறான். பெண்டாட்டியும் பிள்ளையும் தன்னை விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு பக்கம் உயிரே போகிறது. இன்னொரு பக்கம், போகட்டும், இந்தக் கதவுக்குப் பக்கத்தில் பிள்ளை இருக்கவே வேண்டாம், சீக்கிரம் போ சுவாதி, சீக்கிரம் போ என்றும் இருக்கிறது. அப்பன்தானே.

கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம். டப் டப் டப் டப். சின்னச் செருப்பு.

பாப்பா அம்மாவின் கையை உதறிவிட்டுத் திரும்பி ஓடி வந்துவிட்டாள்.

"ஏம்ப்பா நீ மட்டும் வரல?"

"போ பாப்பா! அம்மாகிட்ட போ! இங்க நிக்காத!"

"அம்மா அழுவுறாங்கப்பா. நீ ஏன் வரல?"

ஐந்து வயசுப் பிள்ளைக்கு என்னவென்று சொல்லிப் புரியவைப்பான்? வாயில் வந்ததைச் சொன்னான். "ரிலீவர் வரலம்மா. ரிலீவர் வராம அப்பா எப்படி வர்றது?"

இங்கே ஒரு விஷயம். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், கதைப் போக்கில் விட்டுப்போயிற்று. வீட்டில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் தினமும் ஒரு விளையாட்டு உண்டு. இவன் ஷிப்ட் முடிந்து கண்ணெல்லாம் சிவந்துபோய் வாசலில் செருப்பைக் கழற்றுவான். பாப்பா ஓடிவந்து இவன் கழுத்து ஐ.டி. கார்டைப் பிடுங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொள்வாள். "நான் பாத்துக்கறேன், நீ போய்த் தூங்கு" என்பாள். இவன், "வச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பாயில் விழுவான். பாப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் காவல் நிற்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சத்தம் போட்டால், "ஷ்... எங்கப்பா தூங்கறாரு" என்று மிரட்டுவாள். அவனுக்கு இந்த வாழ்க்கையில் இருந்த சுகமே அது ஒன்றுதான்.

பாப்பா இப்போது அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண் சிவந்திருக்கிறது. உதடு காய்ந்திருக்கிறது. அப்பா ரொம்பக் களைத்துப் போயிருக்கிறார்.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் பாத்துக்கறேன், நீ போய்த் தூங்கு."

"வச்சுக்கம்மா" என்றது அவன் வாய்.

ஐயோ... மனசு சொல்லவில்லை. சத்தியமாக மனசு சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. சொன்ன மாத்திரத்தில் பல்லைக் கடித்தான், நாக்கைக் கடித்தான், ரத்தம் வந்தது. என்ன பிரயோஜனம்? கால் அவிழ்ந்துவிட்டது. அவன் வேண்டாம் வேண்டாம் என்று கதற, கால் பாட்டுக்குத் திரும்பிப் படியைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது. ஷிப்ட் முடிந்தவன் கம்பெனிக்குள் நிற்கக்கூடாது பாருங்கள். சுவரைப் பிடித்தான், வேரைப் பிடித்தான், நகம் பெயர்ந்தது. கால் நிற்கவில்லை.

பின்னால் பாப்பா, "டாட்டாப்பா" என்றாள்.

வளைவில் சுவாதி எதிரே மூச்சிரைக்க ஓடிவருகிறாள். "மாமா! எங்க போனீங்க? பாப்பா வந்தாளே... பாப்பா எங்க?" அவன் கால் நிற்காமல் அவளைத் தாண்டி இறங்கிப் போகிறது. அடிவாரம் வந்து, மங்கம்மா கடையும் தாண்டி, பைக் பக்கத்தில் வந்த பிறகுதான் கால் அவனுடைய காலாக ஆயிற்று. அங்கேயே திரும்பி மறுபடி மேலே ஓடினான்.

மேலே சுவாதி புதருக்குள் கையை விட்டு விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். கை எல்லாம் முள் கீறி ரத்தம். அவளுக்குப் பின்னாலேயே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில், கதவு முன்னால் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். இவன் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு தடவை அங்கே டியூட்டி பார்த்தவன் அல்லவா. பெற்றவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். போலீஸ் வந்தது, நாய் வந்தது, டிரோன் பறந்தது. நாய் அந்தப் புதர் வரைக்கும் போய், வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பாதிப் படியில் ஒரு ஜோடி பழைய தோல் செருப்பும் முண்டாசுத் துணியும் கிடந்தன. ஒரு கான்ஸ்டபிள் தடயம் என்று கையில் எடுத்தார். எடுத்த மாத்திரத்தில் செருப்பு, துணி இரண்டும் மாவாக உதிர்ந்துபோயின. குழந்தையைப் பார்க்க ஓடினவன் பாதி மலை கூடத் தாண்டவில்லை.

கெலவரப்பள்ளி அணையில் மஞ்சள் கவுன் மிதக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அங்கேயும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். அது உரச் சாக்கு. ஊர் வாய் சும்மா இருக்குமா? அப்பனே ஏதோ செய்துவிட்டான் என்றது. ஸ்டேஷனில் வைத்து அவனை எத்தனையோ தடவை விசாரித்தார்கள். "எங்கடா உம் பொண்ணு?" "மேலதாங்கய்யா நிக்கறா." வேறென்ன சொல்வான்? பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள்.

சுவாதியும் முதலில் நம்பவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கினாள், மண்ணை வாரித் தூற்றினாள். ஆனால் படி வளைவு வரைக்கும் பிள்ளையின் கை அவள் கைக்குள்தானே இருந்தது? பிள்ளை உதறிவிட்டு ஓடின சில நிமிஷத்திலேயே இவன் வெறுங்கையோடு எதிரே வந்தான், அதற்குள் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். நம்பாமல் இருப்பதற்கும் அவளிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் தினம் சாயங்காலம் மலை ஏறுகிறார்கள். வேலை போய்விட்டது. அது கிடக்கிறது, வேலை.

எஸ்லின் கேட்கிறாள், அவனே போய் "நான் பாத்துக்கறேன், நீ போ" என்று சொல்லிவிட்டால் பிள்ளை வந்துவிடாதா என்று.

சொல்லாமல் இருப்பானா அடி பைத்தியமே! அன்றைக்கே சொன்னான். தூக்கிக்கொண்டு ஓடவும் பார்த்தான், பிள்ளையின் கால் தரையை விட்டுப் பெயரவில்லை. அழுது சொன்னான், காலில் விழுந்து சொன்னான். வந்தவன் பாத்துக்கறேன் என்றால் மட்டும் போதுமா? நின்றவர் வச்சுக்க என்று சொல்ல வேண்டுமே. பாப்பா சொல்ல மாட்டேன் என்கிறாள்.

"பாப்பா, அப்பா பாத்துக்கறேன். நீ அம்மாகிட்ட போம்மா."

"வேணாம்ப்பா. உன் கண்ணு இன்னும் செவப்பா இருக்குது. நீ தூங்கவே இல்ல. நீ போய்த் தூங்கிட்டு வா, அப்புறம் தர்றேன்."

பிள்ளை இப்படி நிற்கும்போது எந்த அப்பனுக்குத் தூக்கம் வரும்? தூங்கினால்தான் பிள்ளை தருவாள். பிள்ளை வந்தால்தான் தூக்கம் வரும். டாக்டரிடம் போய்த் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்தான். கண்ணை மூடினால் சர்ர்... சர்ர்... என்று அந்தக் கீறல் சத்தம் கேட்கிறது. அலறி எழுந்துவிடுகிறான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு போனான். பாப்பா அவனைக் குனியச் சொல்லிக் கிட்டத்தில் பார்த்தாள். "பொய். நீ தூங்கல" என்று சொல்லிவிட்டாள். பெற்ற பிள்ளையை ஏமாற்ற முடியுமா?

கூட வேலை பார்த்த கோவிந்தன் நல்ல மனுசன், கல்யாணம் ஆகாதவன். "எனக்கு யாருண்ணா இருக்காங்க, நான் நிக்கறேன்" என்று துணிந்து வந்தான். புதரைப் பார்த்து மூன்று தடவை சொன்னான். பாப்பா மாதேஷைப் பார்த்தாள். "தெரியாதவங்க கேட்டா எதையும் குடுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

சுவாதி தினம் சொல்கிறாள். வெறும் கல்லைப் பார்த்துச் சொல்கிறாள். கையில் டிபன் பாக்ஸில் பிள்ளைக்குப் பிடித்த தயிர் சாதம். "அம்மா பாத்துக்கறேன்டி கண்ணு. அம்மாகிட்ட குடுத்துட்டு நீ வந்துருடி. அம்மா நல்லா நிப்பேன்டி..." என்று சொல்லி மடியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பாப்பா அவளைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அப்புறம் அப்பனிடம் மெதுவாகச் சொல்வாள், "அம்மாவுக்கு பயம் ஜாஸ்திப்பா. அம்மாகிட்ட தர மாட்டேன்."

"என்ன மாமா சொல்றா? என்ன சொல்றா?" என்று சுவாதி அவன் கையைப் பிடித்து ஆட்டுவாள்.

"சாப்பிட்டாளாம்" என்பான் மாதேஷ். "தயிர் சாதம் நல்லா இருந்துச்சாம்."

இப்போது கார்த்திகை. மலையில் குளிர் எலும்பைத் துளைக்கிறது. பாப்பாவுக்குக் குளிரவில்லையாம், பசிக்கவில்லையாம். மஞ்சள் கவுன் அழுக்காகவில்லை. தலையில் அன்றைக்கு வைத்த கனகாம்பரம் வாடவில்லை. ஒரு விரற்கடை வளரவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

சுஜாதா இந்த வாரம் லீவு ஏன் போட்டாள் என்று எல்லோரும் கேட்டீர்கள். அண்ணனைப் பார்க்கத்தான் போயிருக்கிறாள். அவன் நிலைமை சரியில்லை. மத்தியானம் போனில் பேசினாள். பேசினது பாதி, அழுகை பாதி.

மாதேஷ் வழக்கம்போல மேலே போயிருக்கிறான். கீறல் சத்தம் நின்றுபோயிருந்ததாம். இத்தனை மாசத்தில் ஒரு நாள் நிற்காத சத்தம். சாம்பல் வாடையும் இல்லை. அந்த அமைதி அவனுக்குப் பிடிக்கவில்லை. பாப்பா கதவில் சாய்ந்து, காதை மரத்தில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இவனைப் பார்த்ததும், சத்தம் போடாதே என்று உதட்டில் விரல் வைத்தாளாம்.

"பாப்பா, யார்கூடம்மா பேசற?"

"உள்ள இருக்கற அக்காகூடப்பா."

"பேசாத பாப்பா. அவங்ககூட எதுவும் பேசாத. கதவுல இருந்து காத எடு."

"நல்ல அக்காப்பா. முன்னாடி இருந்த தாத்தாகிட்ட பேசுனா பதிலே சொல்ல மாட்டாராம். நீயும் பேசலையாம். நான்தான் நல்ல பாப்பாவாம்." அப்படிச் சொல்லிவிட்டுப் பிள்ளை முகம் வாடிப்போனாள். அவளுக்கு யார் அழுதாலும் தாங்காது. வீட்டில் பூனைக்குட்டி கத்தினால்கூடக் கூட உட்கார்ந்து அழுகிற பிள்ளை.

"பாவம்ப்பா. அவங்க எத்தனையோ பேரு உள்ள இருக்கறாங்களாம். ரொம்ப இருட்டா இருக்குதாம். எல்லாரும் அழுவுறாங்க. நாளைக்கு இருட்டினதும் தெறந்து விடறேன்னு சொல்லியிருக்கேன்."

சுஜாதா சொன்னது அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள்.

பாப்பா அப்படிச் சொன்னது நேற்றுச் சாயங்காலம்.